வெளிநாட்டிலிருந்து படித்த பள்ளிக்கு உதவுவது: பணத்தை எந்த வழியில் அனுப்புவது, எதற்குச் செலவிடுவது?

கேள்வி: நாங்கள் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். இப்போது முப்பது பேருக்கு மேல் சிங்கப்பூரில் இருக்கிறோம். முன்னாள் மாணவர் சங்கமாகப் பதிவு செய்து, ஆளுக்கு மாதம் ஒரு தொகை போட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவ நினைக்கிறோம். பாதிப் பேர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறோம், மீதிப் பேர் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். ஊரில் இருக்கும் நண்பர்கள் சென்ற வருடம் ஒரு டிரஸ்ட் தொடங்கியிருக்கிறார்கள். பணத்தை டிரஸ்டுக்கு அனுப்புவதா, தலைமையாசிரியர் கணக்கில் போடுவதா? ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், முதல் மூன்று மதிப்பெண் எடுப்பவர்களுக்குப் பரிசு தரலாம் என்று சிலர் சொல்கிறார்கள். வரிச் சலுகை ஏதாவது உண்டா?

பதில்: தலைமையாசிரியர் கணக்கு வேண்டவே வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. அரசு ஊழியர் வெளிநாட்டுப் பங்களிப்பை வாங்கவே கூடாது என்று வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம், 2010 நேரடியாகத் தடுக்கிறது. எஃப்.சி.ஆர்.ஏ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். உங்களில் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள ஒருவர் நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்பினாலும் மாட்டிக்கொள்வது அந்த மனிதர்தான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அனுப்பினால் இந்தச் சட்டம் வராது. ஆனால் பள்ளிக்கென்று வந்த பணம் தனி ஆள் கணக்கில் ஏன் கிடக்கிறது என்று தணிக்கையில் கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? தலைமையாசிரியர்கள் மாற்றலாகிப் போகிறவர்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்து டிரஸ்ட். இங்கேதான் பெரும்பாலான சங்கங்கள் தடுக்கி விழுகின்றன. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து, வங்கி வழியாக இந்திய டிரஸ்டுக்கு அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் ஆகும். அவரிடம் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருப்பதால் எதுவும் மாறாது. ஊருக்கு விடுமுறையில் வந்தபோது ரூபாயாகவே எடுத்துக் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். பணம் எந்த நாட்டு நோட்டு என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, கொடுப்பவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைத்தான் பார்க்கிறது.

இதுவரை சொன்னதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அடுத்ததுதான் பலருக்கும் தெரியாதது. இந்தியாவுக்கு வெளியே அமைந்த அல்லது பதிவான சங்கம், கழகம் எதுவானாலும் அதுவே சட்டப்படி ஒரு 'வெளிநாட்டு மூலம்' (வெளிநாட்டு நன்கொடையாளர்). அதன் உறுப்பினர் அத்தனை பேரும் இந்திய பாஸ்போர்ட்காரர்களாக இருந்தாலும்கூட! அதாவது, நீங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக அனுப்பியிருந்தால் சாதாரண நன்கொடையாக இருந்திருக்கும் பணம், சங்கக் கணக்கில் ஒன்றாகச் சேர்ந்து அங்கிருந்து புறப்பட்ட உடனே எஃப்.சி.ஆர்.ஏ. பணம் ஆகிவிடுகிறது. நல்லெண்ணத்தோடு முறைப்படி பணம் சேர்க்கப் போய், உங்களில் பாதிப் பேருக்கு இருந்த சுலபமான வழியையும் நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள்.

அப்படியானால் ஊர் டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். சென்ற வருடம் தொடங்கிய டிரஸ்டுக்கு அது இப்போது கிடைக்காது. மூன்று ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும், முந்தைய மூன்று நிதியாண்டுகளில் குறைந்தது 15 லட்சம் ரூபாயைத் தன் நோக்கங்களுக்காகச் செலவு செய்திருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு நன்கொடையாளரிடமிருந்து, குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட தொகை வாங்க முன் அனுமதி என்று ஒரு வழி இருக்கிறது. அதற்கும் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கு, ஆண்டுதோறும் கணக்கறிக்கை என்று வேலை நீளும். பிள்ளைகளுக்கு வருடம் இரண்டு மூன்று லட்சம் கொடுக்க நினைக்கும் சங்கத்துக்கு இது தேவையில்லாத தலைவலி என்பது என் கருத்து. ஏற்கெனவே பதிவு வைத்திருக்கும் பெரிய தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பி, அங்கிருந்து உங்கள் டிரஸ்டுக்கு மாற்றச் சொல்லலாம் என்றால், 2020இல் வந்த திருத்தம் அந்தக் கதவையும் மூடிவிட்டது. அப்படி வாங்கும் நிறுவனம் பணத்தைத் தானேதான் செலவு செய்ய வேண்டும். உங்கள் பள்ளியில் நேரடியாக வேலை செய்ய அது முன்வந்தால் சரி.

"என் தம்பி ஊரில்தானே இருக்கிறான், அவன் கணக்கில் போட்டு அவன் டிரஸ்டுக்குக் கொடுக்கட்டும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். வெளிநாட்டு மூலத்திலிருந்து வந்த பணம் எத்தனை கை மாறினாலும் வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கருதப்படும் என்று சட்டத்தின் விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. தம்பியை விட்டுவிடுங்கள்.

சரி, என்னதான் செய்வது? சிங்கப்பூரில் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து சங்கமாக இயங்கினால் பதிவு செய்தாக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அதனால் பதிவு செய்யுங்கள். ஆனால் சங்கக் கணக்கில் சந்தா மட்டும் இருக்கட்டும், அதுவும் சங்கத்தின் சொந்தச் செலவுக்கு மட்டும். பள்ளிக்கான பணம் அந்தக் கணக்கைத் தொடவே வேண்டாம். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள் அவரவர் கணக்கிலிருந்து நேரடியாக ஊர் டிரஸ்டுக்கு அனுப்பட்டும். டிரஸ்ட் தரப்பில் ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட் நகலையும், "இது என் சொந்தச் சேமிப்பு" என்று ஒரு வரிக் கடிதத்தையும் வாங்கிக் கோப்பில் வைக்கட்டும். யாராவது குடியுரிமை மாறினால் அந்த மாதமே டிரஸ்டுக்குத் தெரிய வேண்டும்.

பள்ளிக்குப் பொருளாகவோ கட்டடமாகவோ ஏதாவது செய்வதென்றால், தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் இருக்கிறது. பள்ளி தன் தேவையை அதில் பதிவிடும், நன்கொடையாளர் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர்களுக்கு நான் சொல்வது வேறு வழி: ஒருவர் ஒரு மாணவரை ஏற்றுக்கொண்டு, அந்த மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே படிப்புக்கான உதவித்தொகையாக அனுப்புவது. கல்வித் திட்டம் நடத்தும் அமைப்புக்குத்தான் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு, தன் படிப்புக்காக வாங்கும் மாணவருக்கு அல்ல. ஊரில் உள்ள ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். ஆனால் முதல் தவணை அனுப்புமுன் அந்தக் கணக்கைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளின் கணக்கு பெரும்பாலும் உதவித்தொகைக்காக எப்போதோ திறந்தது. இரண்டு வருடம் வரவு செலவு இல்லாமல் கிடந்திருந்தால் முடங்கியிருக்கலாம். முழு கே.ஒய்.சி. (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) இல்லாத 'ஸ்மால் அக்கவுண்ட்' என்றால் வெளிநாட்டுப் பணம் உள்ளே வராது. அம்மாவோடு வங்கிக்குப் போய் ஆதார், புகைப்படம் கொடுத்துச் சரிசெய்ய ஒரு காலை வேளை போதும். ஆனால் அந்த வேளையில் அம்மாவுக்கு நூறு நாள் வேலையோ நடவோ இருக்கும். கூடப் போக ஊரில் ஓர் ஆள் இருந்தால் காரியம் நடக்கும்.

இனி எதற்குச் செலவு செய்வது என்பதற்கு வருவோம். ஸ்மார்ட் போர்டு வேண்டாம் என்றுதான் சொல்வேன். மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்று அரசே ஏற்கெனவே கணினி வசதி செய்திருக்கிறது. நீங்கள் வாங்கித் தரும் பலகை வாரண்டி முடிந்து பழுதானால் யார் பழுதுபார்ப்பது என்ற கேள்வியில் அப்படியே சுவரில் தொங்கும். முதல் மூன்று பேருக்குப் பரிசும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளையை எப்படியும் நாலு பேர் கூப்பிட்டுப் பாராட்டுவார்கள். 420 எடுத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகாமல் திருப்பூருக்குப் பஸ் ஏறும் பையனை யாரும் கூப்பிடுவதில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இன்று பாடப்புத்தகம், மதிய உணவு, பஸ் பாஸ், பிளஸ் ஒன்னில் சைக்கிள் எல்லாம் கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவப் படிப்பிலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதில் சேருபவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கல்லூரி போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண், ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். ஆகவே கட்டணம் கட்டுவது உங்கள் வேலையில்லை. இவற்றுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் உங்கள் வேலை.

அந்த இடைவெளி பிளஸ் டூ முடிவு வருவதற்கும் கல்லூரி முதல் மாதம் முடிவதற்கும் இடையில் இருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் வரும், ஆனால் சேர்ந்து, கல்லூரி வழியாக விண்ணப்பித்து, சரிபார்த்து முடிந்த பிறகுதான் வரும். அதற்கு முன்னால் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு விண்ணப்பம், கலந்தாய்வு, விடுதி முன்பணம், மெஸ் முன்பணம், போய்வர பஸ் காசு. ஒரு பை, ஒரு போர்வை, பக்கெட், பூட்டு, மாற்றிக் கட்ட நாலு சுடிதார். இவ்வளவும் ஒரே மாதத்தில் வந்து நிற்கும்போதுதான் வீட்டில் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்கிறார்கள். அந்த அடுத்த வருடம் பெரும்பாலும் வருவதேயில்லை. மே மாதத்தில் கேட்ட ஒரு வாரத்துக்குள் கையில் கிடைக்கும் பத்தாயிரம் ரூபாய், ஆகஸ்டில் மேடை போட்டுக் கொடுக்கும் இருபத்தைந்தாயிரத்தைவிடப் பெரிது. உங்கள் டிரஸ்டில் அந்த ஒரு மாதத்துக்கு மட்டுமாவது கூட்டம், தீர்மானம் எதற்கும் காத்திருக்காமல் காசோலை போட இரண்டு பேருக்கு அதிகாரம் கொடுத்து வையுங்கள்.

இன்னொன்று, இதற்குக் காசே வேண்டாம். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி, திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தேர்ச்சி பெற்றும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் வருடா வருடம் புதுப்பிக்காமல் விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு. பிளஸ் டூவில் முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கலந்தாய்வு வாரத்தில் வரிசையில் நின்றால் நேரத்துக்குக் கிடைக்காது. டிசம்பரிலேயே வாங்கி வைக்க வேண்டும். அப்புறம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடம் போய், ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் 7.5 சதவீத ஒதுக்கீடு கைவிட்டுப் போகலாம் என்பதைச் சொல்ல வேண்டும். இதை முன்கூட்டியே சொல்ல அந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் டிரஸ்ட் ஒரே ஒரு ஆளைப் பகுதி நேரச் சம்பளத்துக்கு வைத்து இந்த விண்ணப்ப வேலைகளைப் பார்க்கச் சொன்னால், நீங்கள் போடும் ரூபாயைப்போலப் பல மடங்கு அரசுப் பணம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். சம்பளம் கொடுப்பதை "நிர்வாகச் செலவு" என்று சங்கத்தில் எதிர்ப்பார்கள். எதிர்க்கட்டும்.

யாருக்குக் கொடுப்பது என்பதை நீங்கள் சிங்கப்பூரிலிருந்து முடிவு செய்யாதீர்கள். வகுப்பாசிரியர்களுக்கு வீட்டு நிலைமை தெரியும். அவர்கள் தரும் பட்டியலைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசட்டும். 2024இல் அந்தக் குழுக்களை மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஊரில் இருக்கும் உங்கள் நண்பர் ஒருவர் உறுப்பினராக முடியுமா என்று பாருங்கள். பொருளாக எதைக் கொடுத்தாலும் அந்தக் குழுவின் தீர்மானம், பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி, இரண்டும் வேண்டும்.

தொடங்குமுன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 25,000 என்றால் மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு 75,000. நான்கு பேருக்கு மூன்று லட்சம். அது கையில் இருந்தால் நான்கு பேருக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள். பத்துப் பேரைச் சேர்த்துவிட்டு இரண்டாம் வருடம் "சங்கத்தில் ஆள் குறைந்துவிட்டது" என்று நிறுத்துவதைப் போலக் கொடுமை வேறில்லை. தொடர்ந்து கொடுப்பதற்கு நிபந்தனையாக வருகைப் பதிவைக் கேளுங்கள், ரேங்க் கேட்காதீர்கள். முதல் செமஸ்டரில் இங்கிலீஷில் அரியர் வைக்காத கிராமத்துப் பிள்ளை அபூர்வம். காசோலையைப் பிடித்தபடி மாணவர் நிற்கும் படத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதையும் நிறுத்திவிடலாம். அந்தப் பெண்ணின் கல்லூரித் தோழி பார்க்க வேண்டிய படம் அல்ல அது.

கலைநிகழ்ச்சி வைத்து டிக்கெட் விற்றுப் பணம் சேர்க்கும் யோசனை எப்படியும் வரும். சிங்கப்பூரில் பொதுமக்களிடம் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பணம் திரட்ட அறக்கொடை ஆணையரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அப்படிச் சேரும் பணம் உறுப்பினர்களின் சொந்தச் சேமிப்பு இல்லை என்பதால் ஊர் டிரஸ்டுக்கும் அனுப்ப முடியாது. நிகழ்ச்சி வையுங்கள், சந்தோஷமாகச் சாப்பிடுங்கள், டிக்கெட் மட்டும் வேண்டாம்.

வரிச் சலுகை கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டு அறப்பணிக்குக் கொடுப்பதற்குச் சிங்கப்பூரில் வரிக்கழிவு இல்லை. இந்தியாவில் வாடகை, வட்டி என்று வரி கட்டும் வருமானம் இருப்பவர்களுக்கு மட்டும், ஊர் டிரஸ்ட் வருமான வரித் துறையின் நன்கொடை அங்கீகாரம் வாங்கியிருந்து, அவர்கள் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் பயன் உண்டு. வாங்கியிருக்கிறார்களா என்று நண்பர்களிடம் கேளுங்கள். இல்லையென்றால் இந்த நிதியாண்டிலேயே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.