ஆப்பிரிக்கக் கிராமங்களில் கூட்டாகப் போடும் காய்கறித் தோட்டங்கள் ஏழைக் குடும்பங்களுக்கு நிஜமாகவே உதவுகின்றனவா?

உதவுகின்றன. ஆனால் தண்ணீருக்கு வழி செய்துவிட்டுத் தோட்டம் போட்ட இடங்களில்தான். நான் சொட்டுநீர்க் குழாய் அமைக்கும் வேலையில் இருப்பவன். அதனால் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் நடந்ததைத் தேடிப் பிடித்துப் படித்தேன்.

பெனினின் வடக்கே கலாலே என்று ஒரு வட்டாரம். வருடத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் மழை கிடையாது. காய்கறி போடும் பெண்கள் குழுக்கள் அங்கே முன்பே இருந்தன. ஆனால் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து ஊற்றி எத்தனை பாத்தியைக் காப்பாற்ற முடியும்? 2007-ல் சோலார் எலக்ட்ரிக் லைட் ஃபண்ட் என்ற தொண்டு நிறுவனம் இரண்டு ஊர்களில் அந்தக் குழுக்களுக்குச் சூரியசக்தி பம்பும் சொட்டுநீரும் போட்டுக் கொடுத்தது. ஒரு தோட்டம் அரை ஹெக்டேர், அதாவது ஒன்றேகால் ஏக்கர். அதில் 30 முதல் 35 பெண்கள்.

அந்த அமைப்பில் பேட்டரியே இல்லை. என் தொழில் கண்ணுக்கு அதுதான் பெரிய விஷயம். வெயில் அடிக்கும்போது பம்ப் ஓடித் தொட்டியை நிரப்புகிறது. தொட்டி மேட்டில் இருப்பதால் தண்ணீர் தானாக இறங்கிக் குழாய்களுக்குப் போகிறது. வெயில் ஏற ஏறச் செடிக்குத் தாகம் கூடும், பம்பும் அதற்கேற்ப இறைக்கும். இந்த மாதிரி அமைப்பில் சீக்கிரம் கெடுவது பேட்டரிதான். ஒதுக்குப்புறமான ஊரில் அதை மாற்ற யாரைத் தேடிப் போவது?

முதல் வருடக் கணக்கை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்டார்கள். ஒரு தோட்டம் சராசரியாக மாதம் 1.9 டன் கொடுத்திருக்கிறது: தக்காளி, வெண்டை, கத்தரி, மிளகாய், கேரட். ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வீட்டுக்கு எடுத்துக்கொண்டு மீதியை விற்றார்கள். விற்ற காசில் மழையில்லாத மாதங்களில் தானியமும் பருப்பும் புரதம் தரும் உணவும் வாங்கினார்கள். வீட்டுச் சாப்பாடு தேறியதில் இந்தக் காசுக்கும் பெரிய பங்கு உண்டு. காசு பெண்கள் கைக்கு நேரே வந்ததால்தான் அது அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் பம்புக்கும் குழாய்க்கும் ஆகும் முதல் செலவை அந்தக் குழுக்கள் தாங்களே போட்டிருக்க முடியாது. அப்புறம் பராமரிப்பு. ஃபில்டரைக் கழுவாமல் விட்டால் சொட்டுவான்கள், அதாவது குழாயில் தண்ணீர் சொட்டும் சின்ன வாய்கள், அடைத்துக்கொள்ளும். தோட்டம் வைத்துக் கொடுக்கிறவர்கள் அதற்கான ஆளையும் பணத்தையும் முதல் நாளே பேசி முடிக்க வேண்டும்.

அவ்வளவு பணம் இல்லையென்றால்? லெசோத்தோவில் வீட்டுக்கு வீடு செய்வதைப் பாருங்கள். எச்ஐவி மிக அதிகமாகப் பரவிய மலைநாடு அது. நோயில் மெலிந்தவர்கள் குனியாமல் வேலை செய்ய, வட்டமாகக் கல் அடுக்கி இடுப்புயரத்துக்குப் பாத்தி கட்டுகிறார்கள். நடுவில் ஒரு குப்பைக்கூடை, அதை எட்டிப் போக ஒரு சின்ன இடைவெளி. சமையல் கழிவைக் கூடையில் போட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அதிலேயே ஊற்றுகிறார்கள். அந்த ஈரத்தில் சுற்றிலும் கீரை வளர்கிறது.