எங்கே தோண்டியது? விவிலியத் தொல்பொருள் கேள்வி-பதில்

கேள்வி: யாக்கோபு எலும்புப் பேழை (இறந்தவரின் எலும்புகளைச் சேர்த்துவைக்கும் கல்பெட்டி) போலி வழக்கில் அதன் உரிமையாளரை 2012இல் விடுதலை செய்துவிட்டார்களே, அப்படியானால் அது அசல்தானே?

பதில்: இல்லை. போலி என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்றுதான் நீதிபதி சொன்னார். அதனாலேயே பெட்டிமேல் உள்ள எழுத்து அசலாகிவிடாது என்றும் அவரே சொன்னார். தீர்ப்பைப் படித்துவிட்டுக் கேளுங்கள். பெட்டி முதல் நூற்றாண்டுப் பெட்டிதான், அதில் சண்டை இல்லை. "யோசேப்பின் மகன் யாக்கோபு, இயேசுவின் சகோதரன்" என்ற அரமேய வரியில், குறிப்பாகப் பின்பாதியில்தான் சண்டை. எழுபதுகளில் எருசலேம் வியாபாரி ஒருவரிடம் வாங்கினேன் என்கிறார் உரிமையாளர். சரி, எந்தக் கல்லறை, பக்கத்தில் வேறு என்ன பெட்டிகள் இருந்தன? வரி முழுக்க அசலாகவே இருக்கட்டும், அந்த மூன்று பெயரும் அன்றைய எருசலேமில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்தவை.

கேள்வி: 'இயேசுவின் மனைவி' பாப்பிரஸ் (இயேசு 'என் மனைவி' என்று சொல்வதாக எழுதியிருக்கும் நாணல் தாள் துண்டு) கார்பன் சோதனையில் தேறியதே?

பதில்: பாப்பிரஸ் தேறியது, எழுத்து தேறவில்லை. பழைய வெற்றுத் துண்டு கிடைத்தால் இன்றைக்கும் அதில் எழுதலாம். 2012இல் அறிவித்த பேராசிரியரே 2016இல் போலியாக இருக்கத்தான் வாய்ப்பு என்று ஒப்புக்கொண்டார்.

கேள்வி: இணைத்துள்ள படத்தில் இருப்பது நோவா பேழையின் ஆணியா?

பதில்: அளவு இல்லை, எடை இல்லை, எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி இல்லை. சமையலறை மேடை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. ஆணிதான்.

கேள்வி: கிடைத்த இடம் தெரியாமல் சந்தையில் வந்ததை ஒதுக்கச் சொல்கிறீர்கள். சாக்கடல் சுருள்களே (சாக்கடல் பக்கத்துக் குகைகளில் கிடைத்த பழைய யூதக் கையெழுத்துச் சுருள்கள்) வியாபாரி மூலம் வந்தவைதானே?

பதில்: மாதம் தவறாமல் வரும் கேள்வி. 1947இல் பெதுயின் என்ற பாலைவன நாடோடி ஆட்டிடையர்கள் எடுத்து, பெத்லகேம் வியாபாரி கைக்குப் போனது உண்மை. ஆனால் கதை அதோடு நிற்கவில்லையே. 1949இல் அந்தக் குகையைத் தேடிப்பிடித்துத் தோண்டினார்கள். சுருள் சுற்றிய துணி, சாடித் துண்டுகள், அப்புறம் ஏற்கெனவே கைமாறிய சுருள்களிலிருந்து உதிர்ந்த துணுக்குகள்கூட அங்கேயே கிடைத்தன. 2002க்குப் பிறகு சந்தையில் முளைத்த துணுக்குகளுக்கு எந்தக் குகை? வாஷிங்டன் பைபிள் அருங்காட்சியகத்தில் இருந்த 16 துணுக்குமே போலி என்று 2020இல் அறிக்கை வந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் மை தோலின் வெடிப்புக்குள் இறங்கித் தேங்கியிருக்கிறது, அதாவது தோல் பழசாகி வெடித்த பிறகுதான் யாரோ எழுதியிருக்கிறார்கள். அதற்குள் அவற்றில் பலவற்றை அறிஞர்கள் படித்துப் புத்தகமாகவே பதிப்பித்துவிட்டார்கள், அதுதான் என் வயிற்றெரிச்சல். இஸ்ரேல் அருங்காட்சியகம் 1988இல் சாலொமோன் ஆலயத்துப் பொருள் என்று நம்பி, தந்தத்தில் செதுக்கிய கட்டைவிரல் அளவு மாதுளை உருவம் ஒன்றுக்கு ஐந்தரை லட்சம் டாலர் கொடுத்தது. 2004இல் நிபுணர் குழு அதில் பொறித்திருந்த எழுத்து போலி என்றது. இப்படிப் பணம் கொட்டினால் நாலு பேர் மண்வெட்டியோடு கிளம்புவான், அஞ்சாவது ஆள் வீட்டிலேயே உளியோடு உட்காருவான். ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: எங்கே தோண்டியது, யார் தோண்டியது? ஆய்வகத்தால் போலியைப் பிடிக்க முடியும், கிடைத்த இடத்தைத் திருப்பித் தர முடியாது.

கேள்வி: மாமா புனிதப் பயணத்தில் 'விதவையின் காசு' (நற்செய்தியில் ஏழை விதவை காணிக்கை போட்டதாகச் சொல்லும் வகைச் சின்னக் காசு) வாங்கிவந்தார், சான்றிதழும் உண்டு. புளி போட்டு விளக்கியும் எழுத்து தெரியவில்லை.

பதில்: ஐயோ. அந்தக் காசு பழசு என்று காட்ட மிச்சம் இருந்ததே மேலே படிந்த பச்சைதான், அதைத்தான் தேய்த்துவிட்டீர்கள். யன்னாய் என்ற யூத அரசர் காலத்தில் எக்கச்சக்கமாக அச்சடித்த சில்லறை அது, இன்றும் ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது, அசலாகவே இருக்கலாம். சான்றிதழில் கடையின் பெயர் இருக்கும், கிடைத்த இடம் இருக்காது. ஏற்றுமதி அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தால் பத்திரமாக வையுங்கள். காசை இனி துணியால்கூடத் தொடாதீர்கள்.