இத்தாலியில் லைசென்ஸ் எடுக்கப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

பொலோன்யா பக்கம் வந்து 11 வருடம் ஆகிறது. திருச்சியில் பத்து வருடம் கார் ஓட்டிய கையோடு வந்தவன், இங்கே எழுத்துத் தேர்வில் ஒரு தடவை, ஓட்டும் தேர்வில் ஒரு தடவை கோட்டை விட்டேன். பதில் சொல்ல எனக்கு இருக்கும் தகுதி அதுதான். லைசென்ஸ், சாலை, அதற்கு வேண்டிய இத்தாலியன் ஆகியவை மட்டும் கேளுங்கள். தொடங்கும் முன் ஒன்று: கஸோலியோ என்றால் டீசல். பெட்ரோலுக்குப் பெயர் பென்ஸீனா.

இந்திய லைசென்ஸை வைத்து எத்தனை நாள் ஓட்டலாம்? (தூரினிலிருந்து ஒரு மாணவி)

நகராட்சியில் உங்கள் குடியிருப்பைப் பதிவு செய்த நாளிலிருந்து ஒரு வருடம். கூடவே சர்வதேச அனுமதியோ முறையான இத்தாலிய மொழிபெயர்ப்போ இருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்த அட்டை செல்லாது. இந்திய லைசென்ஸை மாற்றித் தர இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் இல்லை, அதனால் முதலிலிருந்து தேர்வு எழுதத்தான் வேண்டும். "யாரும் பிடிக்கவில்லை" என்று ஓட்டுகிறவர்கள் உண்டு. விபத்து நடந்தால், எதிராளிக்குக் கொடுத்த பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி உங்களிடம் திருப்பிக் கேட்கும்.

எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாமா?

முடியாது. இத்தாலியன், பிரெஞ்சு, ஜெர்மன், அவ்வளவுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர் யாராவது இருந்தால் இது உங்களுக்கு லாட்டரி.

செயலியில் ஆயிரக்கணக்கான கேள்விகளை மனப்பாடம் செய்துவிட்டேன். போதுமா?

போதாது. நானும் அப்படித்தான் போனேன். 30 வாக்கியம், 20 நிமிடம், ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு. மூன்று பிழை வரை விடுவார்கள், நான்காவதில் வீட்டுக்குப் போகலாம். எனக்கு ஆறு.

வாக்கியத்தின் முக்கால்வாசி தெரிந்ததாகவே இருக்கும். மீதிக் கால்வாசியில்தான் கண்ணி. நமக்கு வண்டி நின்றால் நின்றதுதான், இவர்களுக்கு நிற்பதில் மூன்று வகை. சிக்னலுக்கோ நெரிசலுக்கோ நின்றால் அர்ரெஸ்தோ. ஆளை ஏற்றி இறக்கச் சற்றே நிறுத்தி, ஓட்டுநர் உடனே கிளம்பத் தயாராக இருந்தால் ஃபெர்மாத்தா. ஓட்டுநர் இறங்கிப் போகலாம் என்றால் சோஸ்தா. 'இங்கே சோஸ்தா கூடாது' என்ற பலகையின் கீழ் ஃபெர்மாத்தா செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம். மூன்றையும் 'பார்க்கிங்' என்று மனதில் போட்டு வைத்திருந்த நான் தவறு என்று அழுத்தினேன். அதே மாதிரிதான் கார்ரெஜ்ஜாத்தாவும் கோர்ஸியாவும். முதலாவது வண்டிகள் ஓடும் முழு அகலம், இரண்டாவது அதற்குள் ஒரு தடம்.

'முடியும்' (ப்வோ), 'வேண்டும்' (தெவே) என்ற இரண்டு சொல்லையும் விரல் வைத்துப் படியுங்கள். ஒரு எழுத்துக்கூட விடாமல் மனப்பாடம் செய்தாலும் இவற்றில் ஒன்றை மாற்றினால் விடை மாறிவிடும்.

பயிற்சியாளர் கத்துகிறார், ஒன்றும் புரியவில்லை. (மோதெனா)

எனக்கு முதல் வகுப்பில் அவர் கத்திய சொல் "ஃபொல்லே!" அகராதியில் பார்த்திருக்கிறேன், பைத்தியம் என்று போட்டிருந்தது. திட்டுகிறார் என்று நினைத்து "மன்னிக்கவும்" என்றேன். மறுபடி "ஃபொல்லே!", மறுபடி மன்னிப்பு. கடைசியில் அவரே கையை நீட்டி கியரை நியூட்ரலில் தள்ளினார். நியூட்ரலுக்குப் பெயரே அதுதான்.

அடுத்த நாள் வளைவுக்கு முன்னால் "ஸ்காலா, ஸ்காலா!" எனக்குத் தெரிந்த ஸ்காலா மாடிப்படி. சாலையோரம் படிக்கட்டைத் தேடினேன். கியரைக் குறை என்று அர்த்தமாம். 'ப்ரீமா' என்றால் முதல் கியராகவும் இருக்கலாம், முதல் தெருவாகவும் இருக்கலாம், 'அதற்கு முன்' என்றும் இருக்கலாம். 'அம்பைப் போடு' (ஃப்ரெச்சா) என்றால் இண்டிகேட்டர்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். பயிற்சியாளர் உங்களை 'நீ' என்று பேசுவார்: ஜீரா, அக்கோஸ்தா. தேர்வாளர் 'நீங்கள்' என்று பேசுவார்: ஜீரி, அக்கோஸ்தி. திரும்பு, ஓரம் கட்டு என்பதன் மரியாதை வடிவம், கடைசி உயிர் மட்டும் மாறும். இரண்டு மாதம் ஒன்றையே கேட்ட காதுக்குத் தேர்வு அன்று அது வேறு பாஷை. என் தேர்வில் அவர் "த்ரித்தோ" (நேரே) என்றார், பதற்றத்தில் எனக்கு "தெஸ்த்ரா" (வலது) என்று விழுந்தது. அழகாக இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, நுழையக் கூடாத ஒருவழிப் பாதைக்குள் திரும்பினேன்.

நான் "பத்தென்தே" (லைசென்ஸ்) என்றால் அவர்களுக்குப் புரியவில்லை.

தமிழ் வாயின் கோளாறு. நாம் நடுவில் வரும் ஒற்றைத் தகரத்தை மென்மையாக்கி 'பதெந்தே' என்போம், அவர்கள் காதில் 'padende' என்று விழுகிறது. அழுத்திச் சொல்லுங்கள். ஆனால் இரட்டிப்பில் நமக்குத்தான் கொடுப்பினை. படம், பட்டம் வித்தியாசம் தெரிந்த வாய்க்குக் காஸா (வீடு), காஸ்ஸா (கல்லாப்பெட்டி) சிரமமே இல்லை. வயது சொல்லும்போது 'அன்னி' என்று இரட்டிக்க மறந்துவிடாதீர்கள். ஒற்றை னகரம் உடம்பின் பின்பக்கத்தைச் சேர்ந்தது.

இந்திய லைசென்ஸ் செல்லுமா அண்ணா?

முதல் பதில்.

ஃபுளோரன்ஸில் நுழைந்ததற்கு நான்கு அபராதம் வந்திருக்கிறது. பலகையில் 'திறந்திருக்கிறது' என்றுதானே இருந்தது?

'வார்கோ அத்தீவோ' என்று எழுதியிருந்திருக்கும். வாசல் செயல்படுகிறது, அதாவது கேமரா விழித்திருக்கிறது, நுழையாதே. 'நோன் அத்தீவோ' என்றால்தான் போகலாம். பழைய ஊர்களின் நடுப்பகுதியில் அனுமதி உள்ள வண்டி மட்டும்தான். ஒரு தடவைக்கு மேல் நுழைந்தால் ஒன்றுக்கு மேல் அபராதம் வரலாம், அதனால்தான் நான்கு. நோட்டீஸ் வந்து ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும். அழுதுகொண்டே கட்டுங்கள்.

எதிரே வந்தவர் லைட் அடித்தார், வழிவிடுகிறார் என்று திரும்பினேன். ஜன்னலைத் திறந்து திட்டினார். (நேப்பிள்ஸ்)

இங்கே லைட் அடித்தால் 'நான் வருகிறேன், நீ அங்கேயே நில்'.

*(லண்டன் அண்ணன் குறுக்கே: "தப்பு. லைட் அடித்தால் 'நீங்க போங்க' என்றுதான் பொருள்.")*

அண்ணே, அது உங்கள் ஊர்ப் பழக்கம். உங்கள் 'ஹைவே கோட்' என்ற சாலை விதிப் புத்தகமே, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே லைட் அடிக்கச் சொல்கிறது. நாமக்கல் லாரிக்காரரைக் கேளுங்கள், இத்தாலிக்காரர் சொல்வதையேதான் சொல்வார். இங்கே சட்டப் பிரிவு 156 ஊருக்குள் ஆபத்துக்குத் தவிர ஹாரனைத் தடை செய்கிறது. இரவில் ஹாரனுக்குப் பதில் லைட் அடிக்கலாம் என்கிறது. ஹாரனுக்குப் பதில் என்றால் அது எப்படி அழைப்பாகும்?

*("மிலானில் எனக்கு வழிவிட்டார்களே!")*

விடுவார்கள். கூடவே கையையும் அசைப்பார்கள். கையைப் பாருங்கள், விளக்கை நம்பாதீர்கள். எதிரே போலீஸ் நின்றாலும் அடிப்பார்கள், அது மூன்றாவது அர்த்தம். அண்ணே, நேப்பிள்ஸ் வந்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

அம்மாவுக்கு விசா…

பத்ரொனாத்தோ (விண்ணப்பங்களுக்கு உதவும்) அலுவலகத்தில் கேளுங்கள்.

இலங்கை லைசென்ஸை மாற்றலாமா? (பலேர்மோ)

ஒப்பந்தங்கள் காலாவதியாகிப் புதுப்பிக்கப்படுபவை. இன்றைய நிலையை உங்கள் மாவட்ட மோத்தோரிட்ஸாட்ஸியோனே (நம் ஊர் ஆர்டிஓ மாதிரி) அலுவலகத்தில் கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

கற்கும்போது நண்பர் பக்கத்தில் உட்காரலாமா?

65 வயதுக்கு மேற்படாதவராக, பி (B) லைசென்ஸ் எடுத்துப் பத்து வருடம் ஆனவராக இருந்தால் சரி. வண்டியில் 'பி' (P) எழுத்து ஒட்டுங்கள்.

அண்ணா, இந்திய லைசென்ஸ்…

முதல் பதில். முதல் பதில்.

அவசரம். பங்கில் நிற்கிறேன். என் கார் பெட்ரோல். கஸோலியோ பத்து லிட்டர் போட்டுவிட்டேன்.

சாவியைத் தொடாதீர்கள், ஸ்டார்ட் செய்யவே கூடாது. நியூட்ரலில் போட்டு ஓரமாகத் தள்ளுங்கள். பங்குக்காரரிடம் "கார்ரோ அத்ரெட்ஸி" என்று சொல்லுங்கள், இழுவை வண்டி வரும். டேங்கைக் காலி செய்து கழுவ வேண்டியிருக்கும். அடுத்த தடவை குழாயின் ஸ்டிக்கரைப் பாருங்கள்: வட்டத்துக்குள் இ5 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 (B7) என்றால் டீசல். நியூட்ரலுக்கு இத்தாலியனில் என்ன சொல்வார்கள் என்று மேலே எழுதியிருக்கிறேன். தள்ளி உதவ வருகிறவர் அதைக் கத்துவார், மன்னிப்புக் கேட்காதீர்கள்.