அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். கீமோ முடிந்த பிறகுதான் ஆபரேஷன். இப்போதே பிசியோதெரபி எதற்கு?

கேட்டிருப்பது இது: அப்பாவுக்கு 62 வயது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என நான்கு கீமோ, பிறகு இரைப்பையில் ஆபரேஷன். இதற்கிடையில் பிசியோதெரபி பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கீமோ எடுப்பவரைப் போய் நடக்கச் சொல்வதா, படுத்து ஓய்வெடுக்கட்டுமே என்று வீட்டில் தயங்குகிறீர்கள்.

தயங்காமல் அழைத்துப் போங்கள். நான்கு கீமோவும், கடைசிக் கீமோவிலிருந்து உடம்பு தேறும் நாட்களும் சேர்ந்தால் ஏறக்குறைய பத்து வாரம். அத்தனை நாளும் கட்டிலும் நாற்காலியுமாக இருந்தால் தொடைச் சதை வேகமாகக் கரையும். தொடையில் வலு இல்லாதவரை ஆபரேஷனுக்கு மறுநாள் எழுப்பி நிறுத்துவது பெரும்பாடு. மேல்வயிற்றைத் திறந்தால் உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசை) சில நாட்களுக்குச் சரியாக வேலை செய்யாது. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார், இருமலை அடக்குவார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, அங்கே சளி தேங்கி, நிமோனியாவில் முடியலாம். தையல் நன்றாக இருந்தும் ஐசியுவில் நாட்கள் நீள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த 441 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்தது. ஆபரேஷனுக்கு முன் பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு முறை, அரை மணி நேரம் உட்கார்ந்து, ஏன் மூச்சுப் பயிற்சி, எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுத்தார். கையேடு மட்டும் வாங்கிப் போனவர்களில் 27 சதவீதம் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது; நேரில் கற்றுக்கொண்டவர்களில் 12 சதவீதம். கண் விழித்ததும் வலியோடும் மயக்கத்தோடும் இருப்பவரால் புதிதாக எதையும் கற்க முடியாது. முன்பே பழகியிருந்தால் உடம்பு தானே செய்யும்.

அந்த மூச்சுப் பயிற்சி இதுதான். சாய்ந்து படுக்காமல் நிமிர்ந்து உட்கார வேண்டும். மெதுவாக, நெஞ்சும் விலாவும் நிறையும் வரை மூக்கால் இழுத்து, 3 முதல் 5 வினாடி நிறுத்தி, அவசரமில்லாமல் விட வேண்டும். பத்து மூச்சு, சற்று இடைவெளி, மறுபடி பத்து. பிறகு மடித்த துண்டையோ தலையணையையோ வயிற்றில் இறுக அணைத்துக்கொண்டு மூன்று முறை ‘ஹா... ஹா...’ என்று, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல், வாயைத் திறந்து பலமாக ஊத வேண்டும். சளியை மேலே தள்ளுவது அந்த ஊதல்தான். இப்போது காலை மாலை இரண்டு வேளை போதும். ஆபரேஷன் முடிந்து விழித்ததும், தூங்கும் நேரம் தவிர மணிக்கு ஒருமுறை.

மூச்சுப் பயிற்சிக்கென்று தரும், மூன்று பந்து உள்ள ஸ்பைரோமீட்டரை நம் ஊரில் ‘பந்து ஊதுற மிஷின்’ என்கிறோம். கோளாறு அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. ஊதக்கூடாது, உறிஞ்ச வேண்டும். முதலில் காற்றை வெளியே விட்டு, குழாயை உதடு கவ்வி, இளநீரை மெதுவாக உறிஞ்சுவதுபோல் இழுங்கள். மூன்று பந்தையும் வெடுக்கென்று மேலே அடிப்பதால் பயன் குறைவு. ஒன்றோ இரண்டோ பந்து மூன்று வினாடி மேலேயே நிற்பதுதான் வேண்டும். ஐந்து மூச்சுக்கு ஒருமுறை ஓய்வு. தொடர்ந்து இழுத்தால் தலை சுற்றும். கருவி கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், மேலே சொன்ன மூச்சு போதும்.

தொடைக்கு நாற்காலிப் பயிற்சி. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், அதனால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது ஆணுக்கு 14-க்குக் கீழே என்றால் கால் வலு குறைவு. அந்த எண்ணைத் தேதி போட்டு எழுதிவைத்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். பயிற்சியாக, ஒன்றுவிட்டு ஒரு நாள், 8 முதல் 10 தடவை, இரண்டு சுற்று. எழும்போது மூச்சை விட வேண்டும். மூச்சை அடக்கி முக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். அதோடு சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது.

நடை வாரத்துக்கு ஐந்து நாள். முதலில் பத்து நிமிடம், பிறகு மெல்லக் கூட்டி அரை மணி. நீங்கள் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல முடிய வேண்டும், ஆனால் நடுவே ஒருமுறை மூச்சு வாங்க வேண்டும். அந்த வேகம் சரி. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழியட்டும்.

கீமோ நாட்காட்டியைப் பார்த்து இதை மாற்றிக்கொள்ளுங்கள். மருந்து ஏறிய பின் மூன்று நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே ஐந்தைந்து நிமிடமாக நடந்தால் போதும். அடுத்த வாரம் பெரும்பாலும் ரத்தத்தில் வெள்ளணு குறையும், தொற்று எளிதில் ஒட்டும். மொட்டை மாடி நல்லது, பூங்காவும் கோயில் கூட்டமும் வேண்டாம். அடுத்த கீமோவுக்கு முந்தைய நான்கைந்து நாள்தான் பயிற்சியைக் கூட்டும் காலம். ஆக்ஸாலிபிளாட்டின் மருந்து இருந்தால் குளிர்ந்த தண்ணீரும் குளிர்ந்த தரையும் கை கால்களில் சுரீரென்று தாக்கும், பாதம் மரத்தும் போகும். வீட்டுக்குள்ளும் பிடிப்பான செருப்பு போடச் சொல்லுங்கள்.

சாப்பாடு கூடாமல் பயிற்சி மட்டும் கூடினால் இருக்கிற சதையும் கரையும். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம்; 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். நாம் பாசமாகக் கொடுக்கும் அரிசிக் கஞ்சியில் அது மிகக் குறைவு. ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் பன்னீரில் ஏறக்குறைய 18, வேகவைத்த கோழிக்கறி 100 கிராமில் 25-க்கு மேல். இரைப்பை சீக்கிரம் நிறைந்துவிடும், அதனால் ஆறு சிறு வேளையாகக் கொடுங்கள். ஆஃப்பாயில் வேண்டாம், முட்டை முழுதாக வேகட்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

இரைப்பையில் உள்ள புற்றுக்கட்டி உள்ளுக்குள் ரத்தம் கசியக்கூடியது. நாலு எட்டு வைப்பதற்குள் இரைத்தால் சோம்பல் என்று அதட்டாதீர்கள், ஹீமோகுளோபின் பாருங்கள். 8-க்குக் கீழ் இருந்தால், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு (பிளேட்லெட்) 50,000-க்குக் கீழ் இருந்தால், பயிற்சியை நிறுத்திவைத்துக் கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் தொட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனை. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் காலுக்குள் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம்; எண்ணெய் தேய்த்து நீவிவிடவே கூடாது.

பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தட்டும். ‘திடீரென்று விட்டால் சளி கட்டும்’ என்று சொல்வதைக் கேட்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன் நான்கு வாரமாவது புகை இல்லாமல் இருந்தால் நுரையீரலுக்குப் பெரிய உதவி.

பயிற்சி முடியவில்லை என்று ஆபரேஷன் தேதியைத் தள்ளாதீர்கள். இரண்டே வாரம் கிடைத்தாலும் செய்தது பலன்தான். மருத்துவமனை தூரம் என்றால், தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவதுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கடைசி வாரத்தில், கட்டிலிலிருந்து எழுவதையும் பழக்குங்கள். நேராக எழுந்தால் தையல் இழுக்கும். முழங்காலை மடித்து, உடம்பு மொத்தமும் ஒருக்களித்துத் திரும்பி, காலைத் தொங்கவிட்டு, முழங்கையால் ஊன்றி எழ வேண்டும். சேரும் நாளன்று பையில் அந்தப் பந்துக் கருவி, பழகிய தலையணை, பிடிப்பான செருப்பு, நாற்காலிக் கணக்கு எழுதிய தாள் நான்கும் இருக்கட்டும்.