ஃபியூல் லைன் மாத்தப் போறீங்களா? கேளுங்க, சொல்றேன்

டர்போ போட்ட வண்டிகளுக்கு ஃபியூல் லைன் இழுக்கறதுதான் என் வேலை. லைன், பம்ப், ரெகுலேட்டர் பத்தி என்ன வேணா கேளுங்க, டியூனிங் மேப் மட்டும் கேக்காதீங்க, அது என் ஏரியா இல்ல.

அண்ணா, டர்போ போட்டு 400 எச்பி எதிர்பாக்கறேன். டேஷ் 6 போதுமா, டேஷ் 8 வேணுமா?

6 போதும் தம்பி. டேஷ்ங்கறது லைனோட சைஸ் நம்பர், இன்ச்ல பதினாறுல எத்தனை பங்குன்னு சொல்றது, 6னா 3/8 இன்ச், 8னா அரை இன்ச். பெட்ரோல்ல 500 எச்பி பக்கம் வரைக்கும் 3/8 தாங்கும். ஈ85, அதான் எத்தனால் அதிகமா கலந்த ஃபியூல், ஊத்தப் போறீங்கன்னா ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலா ஃபியூல் போகணும், அப்ப 8 பத்தி யோசிக்கலாம். ஆனா பெரிய லைன் போட்டதால மட்டும் பவர் வராது, பம்ப் எவ்ளோ தள்ளுதோ அவ்ளோதான் வரும். லைன்ல பிரஷரைப் பிடிச்சு வெக்கற ரெகுலேட்டரை 3 பார்ல செட் பண்ணிருந்து, டர்போ தள்ளற காத்து பிரஷர், அதான் பூஸ்ட், 1 பார் ஏறினா, ரெகுலேட்டரும் அவ்ளோ கூட்டி லைன்ல 4 பார் நிக்கும், பிரஷர் ஏற ஏற பம்ப் தள்ளற அளவு குறையும், அதனால பம்ப் சார்ட்ல 4 பார்ல என்ன வருதுன்னு பாருங்க. அப்புறம் பம்ப் ஓடும்போது அதோட டெர்மினல்லயே மீட்டர் வெச்சு வோல்ட் பாருங்க. பாதிப் பேருக்கு பிரச்சனை லைன்ல இல்ல, கம்பெனி போட்ட மெல்லிசு ஒயர்ல இருக்கும்.

சாதா ரப்பர் ஹோஸ் போட்டு ஸ்க்ரூ கிளாம்ப் முறுக்கினா ஓடாதா?

ஓடும், எத்தனை நாளைக்குன்னுதான் கேள்வி. ஹோஸ் மேல ஆர்7னு போட்டிருந்தா அது 50 பிஎஸ்ஐக்கு உள்ள, கார்புரேட்டர் வண்டிக்கு. இன்ஜெக்‌ஷனுக்கு ஆர்9. டேங்க் உள்ள முங்கிக் கிடக்கறதுக்கு ஆர்10 மட்டும்தான், மத்தது வெளிப்பக்கத்துல இருந்து ஊறி உப்பிடும். கிளாம்பும் இன்ஜெக்‌ஷன் கிளாம்பா வாங்குங்க, ஸ்க்ரூ கிளாம்ப்ல இருக்கற வெட்டு ரப்பரைக் கடிச்சுடும்.

ஏஎன் ஃபிட்டிங்ல லேசா கசியுது, டெஃப்லான் டேப் சுத்தலாமா?

கூடாது. ஏஎன்னா இந்த டேஷ் சைஸ் லைன்களை மாட்டற ஜாயிண்ட், அது 37 டிகிரி கோன்ல மெட்டலும் மெட்டலும் உக்காந்து சீல் ஆகுறது. டேப் பிஞ்சு போய் இன்ஜெக்டரை அடைக்கும். கோன்ல கீறல் இருக்கா, எதிர்ல 45 டிகிரி ஃபிளேர் மாட்டிருக்கான்னு பாருங்க.

டேஷ் 8 போட்டா பவர் கூடுமா ப்ரோ?

முதல் பதில் படிங்க.

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் ரெயில் பைப்பை ஸ்டீல் பின்னல் போட்ட பிரெய்டட் ஹோஸா மாத்தலாமா?

தொடாதீங்க. அங்க 200 பார், அதுக்கு மேலயும் போகும், ஸ்டீல் பைப் மட்டும்தான்.

டேங்க்ல இருந்து எஞ்சின் வரைக்கும் பிரெய்டட் ஹோஸ்தான் போட்டிருக்கேன், பத்து வருஷமா ஒண்ணும் ஆகல. ஹார்டு லைன், அதான் மெட்டல் பைப், சும்மா வேலை.

உங்களுக்கு ஒண்ணும் ஆகலங்கறது சந்தோஷம். ஆனா உள்ள ரப்பர் இருக்கற பிரெய்டட்னா காலைல கராஜ் ஷட்டர் தூக்கினதும் பெட்ரோல் வாசம் அடிக்கும், ரப்பர் வழியா ஆவி கசியுது. அடில நேரா போற நீளத்துக்கு ஹார்டு லைன், எஞ்சின் ஆடற இடத்துல மட்டும் ஹோஸ், இதுதான் சரி.

நான் போட்டது உள்ள பிடிஎஃப்இ, அதான் டெஃப்லான் குழாய் இருக்கற ஹோஸ், வாசமே இல்ல. இப்ப என்ன சொல்றீங்க?

நல்லது, வாசம் விஷயத்துல உங்க பக்கம் நியாயம் இருக்கு. உள்குழாய் கறுப்பா இருக்கான்னு பாருங்க, கார்பன் கலந்ததுதான் ஸ்டாட்டிக்கை கடத்தும், வெறும் வெள்ளை கடத்தாது, நாளடைவுல ஊசி ஓட்டை விழும். ஆனா நான் ஹோஸ் வேணாம்னு சொல்றது உரசலுக்காக. நான் கட்டின ஒரு வண்டிலயே பிரேக் பைப் பக்கத்துல ஒரு கிளிப் போடாம விட்டுட்டேன். சர்வீஸுக்கு வந்தப்ப கைல தடவிப் பாத்தா பிரேக் பைப்ல நகம் மாட்டற அளவுக்கு பள்ளம், அந்த ஸ்டீல் பின்னல் அரம் மாதிரி அறுத்திருக்கு. ஹோஸுக்கு ஒண்ணும் ஆகல, பக்கத்துல இருந்தது போச்சு. உங்க வண்டியையும் தூக்கி ஒருவாட்டி தடவிப் பாருங்க, கோவிச்சுக்காதீங்க.

400 எச்பிக்கு டேஷ் 6ஆ 8ஆ?

மூணாவது தடவை. மேல இருக்கு.

எல்லாம் மாட்டியாச்சு, ஸ்டார்ட் பண்ணலாமா?

பண்ணாதீங்க. தீயணைப்பான் கைக்கெட்டற தூரத்துல வெச்சுட்டு, எஞ்சின் ஸ்டார்ட் பண்ணாம சாவிய ஆன் பண்ணி பம்ப்பை நாலஞ்சு தடவை பிரைம் பண்ணுங்க, அதாவது லைன்ல ஃபியூல் நிரம்ப விடுங்க. ஒவ்வொரு ஃபிட்டிங்கையும் காஞ்ச டிஷ்யூவால ஒத்தி எடுங்க, கண்ணுக்குத் தெரியாத ஈரமும் அதுல தெரியும். எல்லாம் காஞ்சிருந்தா ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி, ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஒத்திப் பாருங்க. உரசற இடத்துல எல்லாம் கிளிப் இருக்கான்னும் அப்பவே பாத்துடுங்க.