லேசர் ஆய்வு நேரம்: எக்செல் கோப்பு போதுமா?

கேள்வி: கோவையில் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எங்கள் குழுவுக்குப் பெரிய லேசர் நிலையம் ஒன்றில் ஒரு வாரம் ஆய்வு நேரம் கிடைத்திருக்கிறது. கருவி அமைப்பையும் தரவையும் ஒரே எக்செல் கோப்பில் குறித்துக்கொண்டால் போதுமா?

பதில்: திட்டமிட எக்செல் போதும், பதிவேடாக அதை நம்ப வேண்டாம். பலர் கைவைக்கும் கோப்பில் நேற்றைய மதிப்பின் மேலேயே இன்றைய மதிப்பை எழுதிவிட்டால், நேற்றைய தரவு எந்த அமைப்பில் எடுக்கப்பட்டது என்பதைப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

கேமராவுக்கு முன்னால் வைக்கும் ஒளி வடிகட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி அடர்த்தி 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியும், 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கும் உள்ளே போகும். படம் வெளுத்துப்போகிறதே என்று இரவுப் பணியில் இருப்பவர் 3-ஐக் கழற்றி 4-ஐ மாட்டிவிட்டு எழுதாமல் போனால், உங்கள் கணக்கில் பத்து மடங்கு பிழை நுழைந்துவிடும். படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பதும் கடினம். ஆகவே மாற்றியவரே, மாற்றிய கையோடு, வடிகட்டியின் வரிசை எண்ணுடன் புதிய வரியாக எழுத வேண்டும். பழைய வரியை அழிக்கக் கூடாது.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் துணியோடு லாட் எண்ணும் போவதுபோல, இங்கே ஒவ்வொரு கோப்போடும் ஷாட் எண் போக வேண்டும் (லேசர் ஒருமுறை ஒளியைப் பாய்ச்சுவதே ஒரு ஷாட்). கணினிக் கடிகாரத்தை வைத்துப் பொருத்துவது ஆபத்து: நொடிக்கு 10 ஷாட் தரும் லேசரில் இரு கணினிகளின் நேரம் ஒரு நொடி பிசகினாலே பத்து ஷாட் தள்ளிப்போகும். முதல் நாளே ஒரே ஒரு ஷாட்டை மட்டும் நிறுத்தச் சொல்லி, எல்லாக் கேமராக்களிலும் ஒரே எண்ணில்தான் இருண்ட படம் விழுகிறதா என்று பாருங்கள்.

192 லேசர் கற்றைகளைக் கொண்ட அமெரிக்காவின் அணுக்கரு இணைவு ஆய்வு நிலையமான நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில், ஷாட்டுக்கான அமைப்பை முன்கூட்டியே மென்பொருளில் உள்ளிட்டு, ஒப்புதல் பெற்ற பிறகே கருவிகளுக்கு அனுப்புகிறார்கள். 2022 டிசம்பர் 5 அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றலைப் பெற்றது அங்கேதான். உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. பதிவேட்டில் ‘கேட்டது’, ‘வந்தது’ என இரண்டு நெடுவரிசைகள் போதும். கேட்ட ஆற்றல் அப்படியே வந்துவிடும் என்று மட்டும் எண்ணாதீர்கள்.

கிளம்புமுன் தரவின் அளவையும் கணக்கிடுங்கள். 40 லட்சம் பிக்சல், 16 பிட் கேமராவில் ஒரு படம் 8 எம்பி; நொடிக்கு 10 படம் என்றால் ஒரு மணி நேரத்தில் 288 ஜிபி. மூலக் கோப்புகளைப் படிக்க மட்டும் முடியும்படி பூட்டி, இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் எடுத்து, இருவர் தனித்தனியே கொண்டுவாருங்கள். நிலையம் தன் பிரதியை எத்தனை நாள் வைத்திருக்கும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.