ஸ்பீட்வே வீரராக விரும்பும் மகனின் தாயாருக்கு

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயத்தையே தொழிலாகக் கொள்ளப்போவதாகத் தங்கள் மகன் சொல்வதையும், டென்மார்க்கில் குடியேறிய நாள்முதல் பிள்ளையின் படிப்பையே நம்பியிருந்த தங்களின் கலக்கத்தையும் கடிதத்தில் வாசித்தேன். அவரது ஆசையை விளையாட்டுப் புத்தி என்று ஒதுக்கிவிட வேண்டாம். டென்மார்க்கில் இந்தப் பந்தயத்துக்குப் பெரிய மரபு உண்டு. ஹேடர்ஸ்லேவில் பிறந்த ஓலே ஓல்சன் 1971, 1975, 1978 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். பின்னர் 1984 முதல் 1989 வரையான ஆறு ஆண்டுகளும் எரிக் குண்டர்சன், ஹான்ஸ் நீல்சன் என்ற இரண்டு டேனிஷ் வீரர்களே அப்பட்டத்தை வேறு எவருக்கும் விடாமல் மாறிமாறி வைத்திருந்தார்கள்.

ஆனால், பட்டங்களைக் கொண்டு ஒரு தொழிலை அளக்க முடியாது. ஸ்பீட்வேயில் நான்கு வீரர்கள், நீள்வட்ட மண் திடலில், பிரேக்கே இல்லாத, மெத்தனாலில் ஓடும் 500 சிசி வண்டிகளில், இடது காலில் இரும்பு அடிப்பாகம் மாட்டிய பூட்ஸை மண்ணில் தேய்த்தபடி நான்கு சுற்றுகள் வருவார்கள்; ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் பந்தயம் முடிந்துவிடும். முதலாவதாக வருபவருக்கு 3 புள்ளிகள், அடுத்தவர்களுக்கு 2, 1. கடைசியில் வருபவருக்கு எதுவுமில்லை. கழக லீக்குகளில் வீரரின் வருமானம் பெரும்பாலும் இந்தப் புள்ளிகளையே சார்ந்திருக்கிறது. வண்டிகள், எஞ்சின் பராமரிப்பு, மெக்கானிக்கின் கூலி, வேன் செலவு என எல்லாம் பொதுவாக வீரரின் பொறுப்பு. போலந்து, சுவீடன், டென்மார்க் என்று ஒரே பருவத்தில் பல நாட்டுக் கழகங்களுக்கு ஓடுபவர் உண்மையில் ஒரு சிறு தொழில் நிறுவனத்தை நடத்துகிறார் என்பதை மகன் இப்போதே விளங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பருவம் முழுவதும் டயர், மெத்தனால், எஞ்சின் வேலை ஆகியவற்றுக்கு ஆன செலவை அவரையே ஒரு கொப்பியில் எழுதிவரச் சொல்லுங்கள். நம் அறிவுரைகளைவிட அந்தக் கணக்கு அவருக்குக் கூடுதலாகப் புரியவைக்கும்.

காயத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். மூன்று முறை உலகப் பட்டம் வென்ற குண்டர்சன், 1989 செப்டம்பரில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் நடந்த உலக அணிக் கோப்பை இறுதிப் போட்டியில் விழுந்து உயிருக்குப் போராடினார். மீண்டும் நடக்கும் அளவுக்குத் தேறினாரே தவிர, பந்தயத்துக்குத் திரும்பவில்லை. அப்போது அவருக்கு 29 வயது. தங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அத்தகைய ஒரு நாள் வந்தால் மகனின் கையில் வேறு என்ன தொழில் இருக்கும் என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே அவர் இதில் இறங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்கு நான் பரிந்துரைக்கும் வழி, டென்மார்க்கின் தொழிற்கல்வித் திட்டத்தில் உள்ள மோட்டார் சைக்கிள் மெக்கானிக் பயிற்சி. ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்பை முடித்தவர்கள் தலா 20 வாரங்கள் கொண்ட இரண்டு அடிப்படைப் பிரிவுகளைப் படித்து, பின்னர் ஒரு பட்டறையோடு ஒப்பந்தம் செய்து, சம்பளத்தோடு பயிற்சி பெறலாம். பந்தயப் பருவம் வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை நீள்வதால், போட்டி நாட்களில் விடுப்புத் தர இணங்கும் முதலாளியைத் தேடுவதுதான் இதில் கடினமான வேலை. கழகத்தில் உள்ளவர்களிடம் விசாரித்தால் அத்தகைய பட்டறைகள் தெரியவரும். தன் எஞ்சினைத் தானே பிரித்துப் பூட்டத் தெரிந்த வீரருக்குச் செலவும் குறையும். பந்தயத்தை மட்டுமே நம்பியிராமல், ஓல்சனும் பந்தயத்தில் இருந்தபோதே டென்மார்க்கின் வோயன்ஸ் என்ற ஊரில் ஒரு ஸ்பீட்வே திடலை அமைத்து 1975 இல் திறந்தார் என்பதை மகனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக் கழகம் எதுவும் ஒப்பந்தத்தோடு வந்தால், 18 வயது நிறையாத மகனுக்காகத் தாங்கள் கையெழுத்திடும் முன், காயமடைந்து ஓடமுடியாத மாதங்களில் பணம் கிடைக்குமா, மருத்துவச் செலவையும் காப்புறுதியையும் யார் ஏற்பார்கள் என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால் கையெழுத்திட வேண்டாம்.